புதிதாக இரண்டு வகுப்பறைகள் வருகின்றன: பொறியாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

கரிசல்காட்டுக்காரி (சனி, இரவு 9:40)

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகளும் ஒரு கழிப்பறையும் ஒப்புதலாகியிருக்கின்றன. வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் பொறியாளர் வரைபடத்தோடு வருகிறார். "ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்" என்றார் தலைமையாசிரியர். குழுவில் பேச்செல்லாம் சுவரில் என்ன படம் வரைவது, கல்வெட்டில் யார் பெயர் போடுவது என்பதிலேயே சுற்றுகிறது.

என் மகள் ஐந்தாம் வகுப்பு. இப்போதிருக்கும் கட்டடம் வெறும் கான்கிரீட் தளம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். உண்ட மயக்கம் என்கிறார் டீச்சர். ஒருநாள் நானே கடைசி பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். உண்ட மயக்கமெல்லாம் இல்லை. தலைக்கு மேலே தோசைக்கல் காய்ந்தால் யாருக்கும் கண் சொருகத்தான் செய்யும்.

கட்டுமானம் தெரிந்தவர்கள், ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள். எதைக் கேட்டால் கிடைக்கும், எதைக் கேட்டால் சிரிப்பார்கள்?

மேஸ்திரி மகன் (சனி, இரவு 10:25)

அக்கா, நான் சிவில் படித்தவன், அரசு ஒப்பந்த வேலைகளும் செய்திருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதிப்பீடு தயாரான பிறகு அறையின் அளவையோ தூண்களின் இடத்தையோ மாற்றச் சொன்னால் ஆகாது. கோப்பு மறுபடி மேலே போய்வர வேண்டும். ஆனால் கட்டடம் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, ஜன்னல் எங்கே வருகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மொட்டைமாடியில் கடைசியாக என்ன போடுகிறார்கள், இவற்றையெல்லாம் அஸ்திவாரத்துக்குக் கோடு போடும் முன்பு கேட்கலாம்.

உங்கள் தோசைக்கல் உண்மைதான். காலை பத்து மணியிலிருந்து தளம் வெயிலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு கான்கிரீட்டைத் தாண்டிக் கீழே இறங்கச் சில மணி நேரம் பிடிக்கும். சரியாகப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் நேரத்தில் கூரை அனலாகிவிடும். மின்விசிறியைப் போட்டால் மேலே தேங்கிய சூட்டைக் கீழே தள்ளும், அவ்வளவுதான். தளத்தின் மேல் வெள்ளைத் தட்டோடு கேளுங்கள். அதற்கு வழியில்லையென்றால் ஒவ்வோர் ஆண்டும் கோடைக்கு முன் இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு. நம் பாட்டன்மார் செய்ததுதான். வெயிலைத் திருப்பி அனுப்புவதற்கு அதைவிட மலிவான பொருள் இன்னும் வரவில்லை.

அடுத்தது திசை. நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும், குட்டைச் சுவர்கள் கிழக்கையும் மேற்கையும். மேற்கே பெரிய ஜன்னல் வைத்தால் மாலை நான்கு மணி வெயில் நேராகக் கரும்பலகையில் விழும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்தால்தான் காற்று ஊடாகப் போகும். கட்டி முடித்ததும் அந்த ஜன்னலை மறைத்துப் பீரோ வைக்கக் கூடாது என்பதைத் தீர்மானமாகவே போட்டுவிடுங்கள். நான் பார்த்த பள்ளிகளில் பாதி இடத்தில் ஜன்னலுக்கு முன்னால் பீரோதான் நிற்கிறது.

மரத்தடி மாணவன் (ஞாயிறு, காலை 7:10)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் படித்தது ஓட்டுக் கட்டடத்திலும் புளியமரத்தடியிலும். எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு மருத்துவர்கள், ஒரு வட்டாட்சியர். நல்ல வாத்தியார் இருந்தால் மாட்டுக்கொட்டகையும் பள்ளிக்கூடம்தான். எட்டு வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள் இருக்கும் ஊரில் திசை பார்த்து, தட்டோடு பார்த்து என்ன ஆகப்போகிறது? கட்டடத்தைப் பற்றிப் பேசுவது சுலபம், திறப்பு விழாவும் நடத்தலாம். ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவதுதான் கஷ்டம்.

வடக்கு ஜன்னல் (ஞாயிறு, காலை 9:02)

நான் கட்டடக் கலைஞர், சென்னை. மரத்தடி ஐயா, ஆசிரியர்தான் முதல் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் உங்கள் ஓட்டுக் கட்டடமும் புளியமரமும் 'வடிவமைப்பு இல்லாதவை' என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் மறுக்கிறேன். ஓட்டுக்கூரை உயரம், இடுக்கு வழியாகச் சூடு வெளியேறும். புளியமரம் கூரையே இல்லாத கூரை. நீங்கள் நல்ல கட்டடத்தில்தான் படித்திருக்கிறீர்கள். தகரக் கொட்டகையில் படித்திருந்தால் இதே நினைவு இருக்குமா?

சூட்டைப் பற்றி ஆய்வே இருக்கிறது. 2020இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஏறக்குறைய ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களையும் அந்தந்த ஊர் வெப்பநிலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தேர்வுக்கு முந்தைய ஆண்டு ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், அந்த ஆண்டுப் படிப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம் போய்விடுகிறது. குளிர்சாதனம் இருந்த பள்ளிகளில் இந்த இழப்பு அநேகமாகக் காணவில்லை. டென்மார்க்கில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் வகுப்பறையை 25 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குக் குளிர்வித்ததும் கணக்கு, வாசிப்பு இரண்டிலும் வேகம் கூடியது. அவர்களுக்கு 25 டிகிரி புழுக்கம். நமக்கு அது மார்கழி!

இன்னோர் உதாரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது நம்மைப் போன்ற ஏழைச் சூட்டு நிலம். மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்ற நாட்டில் காண்டோ என்றொரு கிராமம். அந்த ஊரில் பிறந்த பிரான்சிஸ் கெரே ஜெர்மனிக்குப் போய்க் கட்டடக் கலை படித்தார். படிக்கும்போதே பணம் திரட்டி 2001இல் ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி கட்டி முடித்தார். ஊர் மண்ணில் சிறிது சிமெண்ட் கலந்து அழுத்திய செங்கல் சுவர், அதற்கு மேல் செங்கல்லாலேயே உள்கூரை. தகரத்தை அதன்மேல் ஒட்டிப் போடவில்லை. கம்பிச் சட்டம் கட்டித் தனியாக உயரத்தில் தூக்கி நிறுத்தினார். இரண்டு கூரைக்கும் நடுவே காற்று ஓடும். தகரம் எவ்வளவு காய்ந்தாலும் சூடு பிள்ளைகளிடம் இறங்காது. ஊரே கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய பள்ளி அது. கட்டடக் கலைக்கான பெரிய விருதுகள் இரண்டும் வந்தன: 2004இல் பள்ளிக்கு ஆகா கான் விருது, 2022இல் அவருக்கே பிரிட்ஸ்கர் பரிசு.

எனக்கு இதில் விருது பெரிதில்லை. தகரத்தை இரண்டு முழம் தூக்கிக் கட்ட எந்த நாட்டுக்கும் வசதி இருக்கிறது என்பதுதான் பெரிது.

மரத்தடி மாணவன் (ஞாயிறு, காலை 9:48)

புளியமரத்தை என் பக்கத்திலிருந்து பிடுங்கி உங்கள் பக்கம் நட்டுவிட்டீர்கள். சரி. ஆனால் ஒரு கேள்வி: இப்படிப்பட்ட ஆய்வுகளில் நல்ல கட்டடம் உள்ள பள்ளிக்குப் பணம் உள்ள பிள்ளைகள் போவார்கள், நல்ல ஆசிரியரும் போவார். மதிப்பெண் கூடினால் அது சுவரால் என்று எப்படிச் சொல்வது?

வடக்கு ஜன்னல் (ஞாயிறு, காலை 10:30)

நியாயமான கேள்வி. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதில் கொஞ்சம் மிகையாகப் பேசுவது உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1999இல் கலிபோர்னியாவின் காப்பிஸ்ட்ரானோ பகுதியில் செய்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: பகல் வெளிச்சம் மிகுதியாக வரும் வகுப்பறைகளில் ஓராண்டில் கணக்கில் 20 சதவீதமும் வாசிப்பில் 26 சதவீதமும் வேகமான முன்னேற்றம். அதே குழு 2003இல் ஃபிரெஸ்னோவில் மறுபடி பார்த்தபோது வெளிச்சம் கூடினால் முன்னேற்றமும் கூடும் என்ற அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை! ஜன்னல் வழியாக நல்ல காட்சி தெரிந்தால் பலன் இருந்தது. கண்ணைக் கூசும் வெளிச்சம் கெடுதல் செய்தது. வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட எப்படி வருகிறது என்பதே முக்கியம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்ட 'சுவரா, ஆளா' கேள்விக்கு நெருக்கமான விடை இரைச்சல் பற்றிய ஓர் ஆய்வில் இருக்கிறது. நியூயார்க்கில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டி ஒரு தொடக்கப் பள்ளி. நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில், ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் பாடம் நிற்கும். ஒரே பள்ளி, ஒரே மாதிரிப் பிள்ளைகள். சிலர் ரயில் பக்க அறைகளில், சிலர் மறுபக்க அறைகளில். 1975இல் வெளியான ஆய்வில், ஆறாம் வகுப்பு வருவதற்குள் ரயில் பக்கப் பிள்ளைகள் வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். அதன்பின் தண்டவாளத்துக்கு ரப்பர் பட்டை போட்டார்கள், அறைகளின் உட்கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை ஒட்டினார்கள். 1981இல் மறுபடி அளந்தபோது வித்தியாசத்தைக் காணோம்.

ஓய்ந்த சாக்பீஸ் (ஞாயிறு, பிற்பகல் 3:15)

முப்பத்தோராண்டு வகுப்பறையில் நின்றவள் நான். ரயில் வேண்டாம், பக்கத்து வகுப்பே போதும். ஒரே கூடத்தை இரண்டாகத் தடுத்து, இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும், அந்தப் பக்கம் நான் திருக்குறள் நடத்துவேன். என் பிள்ளைகள் "அகர முதல ஈரெட்டு பதினாறு" என்று எழுதாததுதான் அதிசயம். ஓய்வுபெறும்போது என் தொண்டை கெட்டிருந்தது. தடுப்பைக் கூரை வரை எழுப்பச் சொல்லுங்கள் அம்மா, அரை ஆள் உயரத்தில் நிறுத்தினால் பயனில்லை. வெறும் சிமெண்ட் அறையில் குரல் எதிரொலிக்கும். பின்சுவரில் தென்னைநார்ப் பாய் ஒன்றை அடித்து மேலே பிள்ளைகள் வரைந்ததைக் குத்தி வைப்போம், எதிரொலி அடங்கும்.

ஜன்னல் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்று. வெளிச்சம் பிள்ளைகளுக்கு இடப்பக்கமிருந்து வர வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள், வலக்கையால் எழுதும்போது எழுத்தின்மேல் நிழல் விழாதிருக்க. இடக்கைப் பிள்ளைகளை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துவிடுவேன்.

சுவரில் படம் வரையும் ஆசையைப் பற்றி: 2014இல் அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மழலையர் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். சுவர் முழுக்கப் படம் இருந்த அறையில் பிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது. வெறும் இருபத்து நான்கு பிள்ளைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் என் அனுபவம் அதற்கு ஒத்துப்போகிறது. கரும்பலகைச் சுவரில் எதையும் வரையாதீர்கள். வரைந்தே ஆகவேண்டுமென்றால் வராண்டாவில் வரையுங்கள், அதுவும் பயன்படுகிற மாதிரி. 'கட்டடமே கற்றல் கருவி' என்று வட இந்தியாவில் கபீர் வாஜ்பேயி என்ற கட்டடக் கலைஞரின் குழு யூனிசெஃப் துணையோடு ஒரு முறையைக் கொண்டுவந்தது. கதவு திறக்கும் தரையில் கோணமானி வரைவார்கள். பிள்ளை கதவைத் தள்ளும்போதே 30, 60, 90 தெரியும். பொம்மைப் படம் மூன்றாம் நாள் பழகிவிடும். கதவைத் தினமும் திறந்துதானே ஆகவேண்டும்?

மலைக்கோட்டை நர்ஸ் (ஞாயிறு, இரவு 8:50)

இவ்வளவு பேசியும் கழிப்பறையை யாரும் தொடவில்லை. பாருங்கள், கேட்டவர் முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறார்.

பள்ளி மருத்துவ முகாமுக்குப் போகும்போது ஆறு, ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் "எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாய்?" என்று கேட்பேன். பதில் வராது, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் தெரியும்: காலையில் வீட்டில் குடித்ததோடு சரி. பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே குடிப்பதில்லை. தலைவலி, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல். வெயிலில் மயங்கி விழுகிற பிள்ளைகளில் எத்தனை பேர் தண்ணீர் குடிக்காமல் விழுந்தவர்களோ!

2025இல் நம் பள்ளிகளுக்குத் 'தண்ணீர் மணி' வந்தது, கேரளத்தில் 2019இலேயே வந்துவிட்டது. நல்ல யோசனை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் மணி அடித்ததும் குடித்த தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு யாரும் மணி அடிக்கவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை என்று இருக்கிறது. அது சும்மா எழுதியது இல்லை. 2003இல் இந்தியாவில் பள்ளிக் கழிப்பறைகள் கட்டிய திட்டத்தை வைத்து அஞ்சலி அடுகியா என்ற பொருளாதார அறிஞர் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. சிறு பிள்ளைகளுக்கு எந்தக் கழிப்பறை கட்டினாலும் சேர்க்கை கூடியது. பருவம் வந்த பெண் பிள்ளைகளுக்குப் பொதுக் கழிப்பறையால் ஒரு பலனும் இல்லை. தனிக் கழிப்பறை இருந்தால்தான் சேர்க்கை கூடியது. எனவே எத்தனை கழிப்பறை என்று மட்டும் கேட்காதீர்கள். பெண்கள் பக்கத்தின் வாசல் எங்கே பார்க்கிறது? பையன்கள் விளையாடும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டுமா? உள்ளே குழாயில் தண்ணீர் வருமா, வெளியிலிருந்து வாளியில் தூக்கிப் போக வேண்டுமா? தூக்கிப் போக வேண்டுமென்றால் அந்த வாளியே ஊருக்கு அறிவிப்பு ஆகிவிடும்.

காலாங் கரை (திங்கள், காலை 6:30)

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே பள்ளிக் கட்டடங்களைப் பார்த்தால் நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள். ஆனால் என் மகன் வகுப்பில் கண்ணாடி போடாத பிள்ளையைத் தேட வேண்டும். கிட்டப்பார்வை இங்கே பெரிய பிரச்சினை. இது வராமல் தடுக்க நன்றாக நிரூபணமான வழி என்ன தெரியுமா? வெளியே போவது. சீனாவின் குவாங்சோவில் சில பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்றாண்டு கழித்து அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், வகுப்பறையில் அது சில நூறுதான். வெளியே மரநிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும்.

அக்கா, உங்கள் பள்ளியில் மரம் இருக்கிறதா? புதுக் கட்டடத்துக்காக அதை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காட்டுக்காரி (திங்கள், பிற்பகல் 1:20)

ஐயோ, சரியாகக் கேட்டீர்கள். இரண்டு வேம்பு இருக்கின்றன. வரைபடத்தில் ஒன்றின் மேல்தான் வகுப்பறை உட்கார்ந்திருக்கிறது என்று தலைமையாசிரியர் இன்று சொன்னார்.

இன்னொன்று: பெஞ்சுகளை 'ப' வடிவில் போட வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக இருக்கிறார். கடைசி பெஞ்சு என்பதே இருக்காதாம்.

ஓய்ந்த சாக்பீஸ் (திங்கள், மாலை 5:05)

அந்தக் கூத்தை 2025 ஜூலையில் பார்த்தோமே. ஒரு மலையாளப் படம் பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஆசை வந்தது. இங்கேயும் உத்தரவு வந்தது, கழுத்து வலிக்கும், பலகை தெரியாது என்று எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். பதினைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் 'ப' அருமையாக இருக்கும், நானே போட்டிருக்கிறேன். நாற்பது பேரைத் திணித்து 'ப' போட்டால் இரண்டு கைப் பக்கத்திலும் உள்ளவர்கள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே இருக்க வேண்டும். தரையோடு பொருத்தாத, இரண்டு பிள்ளைகள் தூக்கக்கூடிய பெஞ்சு வாங்குங்கள். கதை சொல்லும்போது 'ப', கணக்குக்கு வரிசை. வாரம் ஒருமுறை இடத்தை மாற்றிவிட்டால் கடைசி பெஞ்சு யாருக்கும் நிரந்தரமில்லை.

மேஸ்திரி மகன் (திங்கள், இரவு 9:15)

கதவைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது, அதுதான் உயிர் விஷயம். 2004 ஜூலை 16, கும்பகோணம். கீற்றுக்கூரை, சமையல் தீ, ஒரே குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள். அந்த ஆண்டு நான் கல்லூரியில் முதலாண்டு. கட்டடத்தின் வரைபடத்தை ஆசிரியர் பலகையில் வரைந்து காட்டிவிட்டுப் பேச முடியாமல் வெளியே போய்விட்டார்.

வகுப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வராண்டாவை அடைக்காத மாதிரி முழுதாகச் சுவரோடு மடிய வேண்டும். சமையற்கூடம் தனியாக, தள்ளி இருக்க வேண்டும். கும்பகோணத்துக்குப் பின் கீற்றை எல்லா இடத்திலும் எடுத்தார்கள், எடுத்தே ஆகவேண்டும். ஆனால் அதற்குப் பதிலாகப் பல பள்ளிகளில் ஏறியது தகரமும் ஆஸ்பெஸ்டாஸும். தீயிலிருந்து காப்பாற்றி வெயிலில் உட்கார வைத்தோம். கல்வி உரிமைச் சட்டத்தில் 'எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடம்' என்று இருக்கிறது. மழை ஒழுகாவிட்டால் போதும் என்றுதான் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். 2023இல் வெயிலுக்காக ஜூன் 1ஆம் தேதிப் பள்ளித் திறப்பு இரண்டு முறை தள்ளிப்போனது. அப்படியென்றால் வெயில் பருவத்துக்கு அந்தக் கட்டடங்கள் ஏற்றவை இல்லை என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதானே?

வேம்புக்கு வழி இருக்கிறது. கட்டடத்தைச் சில அடி வடக்கே நகர்த்தினால் மதிப்பீடு மாறாது. ஆனால் வேர் அஸ்திவாரத்துக்குள் வராத தூரம் விட வேண்டும். உங்களுடையது கரிசல் மண், ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மரம் பக்கத்தில் இருந்தால் இன்னும் வேகமாகக் காயும். பொறியாளர் மறுத்தால் வீம்புக்கு மறுக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

மரத்தடி மாணவன் (செவ்வாய், காலை 7:25)

நேற்று பேத்தியின் பள்ளிக்குப் போயிருந்தேன். ஆசிரியர் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் அந்த ஆசிரியரும் அதே தளத்துக்குக் கீழேதான் ஆறு மணி நேரம் நிற்கிறார் என்பது இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை. கரிசல்காட்டு அம்மா, பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள்.

கரிசல்காட்டுக்காரி (சனி, காலை 10:10)

கூட்டம் முடிந்தது. கிடைத்தது, கிடைக்காதது இரண்டையும் சொல்கிறேன்.

திசை மாற்ற முடியவில்லை, இடம் அப்படி. மேற்குச் சுவரில் ஜன்னலை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் வராண்டா வருகிறது. வெள்ளைத் தட்டோடு மதிப்பீட்டில் இல்லையாம். சுண்ணாம்பு அடிப்பதைக் குழுவே ஏற்றுக்கொண்டது. கதவு வெளியே திறக்கும் என்றதும் பொறியாளர் உடனே குறித்துக்கொண்டார். ஒரு வேம்பு போகிறது, ஒன்று நிற்கிறது. கழிப்பறை வாசல் மைதானத்துக்கு முதுகு காட்டித் திரும்புகிறது. இதற்குத்தான் அதிக வாதம். "பின்பக்கம் திருப்பினால் யார் கண்காணிப்பது?" என்று ஓர் ஆண் உறுப்பினர் கேட்டார். சத்துணவு அமைப்பாளர் அக்கா, "சமையற்கூட வாசலிலிருந்து எனக்கு நேராகத் தெரியும், நீங்கள் பார்க்க வேண்டாம்" என்றார். அதோடு முடிந்தது.

மரத்தடி ஐயா சொன்னபடி புதன்கிழமை பிள்ளைகளைக் கேட்டேன். ஊஞ்சல் கேட்பார்கள் என்று நினைத்தேன், கேட்டார்கள்தான். ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "கழிப்பறைத் தாழ்ப்பாள் எனக்கு எட்டவில்லை, அவளை வாசலில் நிறுத்தி வைத்துத்தான் போவேன்" என்று தோழியைக் காட்டியது. நானும் இத்தனை நாள் அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன், கவனித்ததில்லை. கூட்டத்தில் சொன்னேன். பொறியாளர் சிரிக்கவில்லை, ஆனால் என்ன உயரம் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேஸ்திரி மகன் (சனி, காலை 11:35)

அளவு என்னிடம் கேட்காதீர்கள் அக்கா. ஒன்றாம் வகுப்பில் ஆகக் குள்ளமான பிள்ளையைக் கதவருகே நிறுத்தி, நெஞ்சு உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அங்கே ஒரு தாழ்ப்பாள், பெரியவர்களுக்கு மேலே ஒன்று. கீழே உள்ளது வெளியிலிருந்து காசை நுழைத்துத் திருப்பினால் திறக்கிற வகையாக இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொண்டு அழும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போகும் கதவில் மட்டும் அந்த வகை வேண்டாம், அங்கே சாதாரணத் தாழ்ப்பாளே போடுங்கள்.